புள்ளலூர் மெஷினுக்குப் பின்னால் ஒரு மூட்டை

உத்திரமேரூரில் மாடி அறையில் உட்கார்ந்தபடியே, புள்ளலூரில் ஒரு மூட்டை விதை நெல்லை முளைக்க வைத்தவள் கஸ்தூரி. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு விரல் தட்டினாள், அங்கே நெல் முளைத்தது. இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கை இதற்கு முன்னால் யாருக்கும் வாய்த்ததில்லை.

இதில் பாதிக்குமேல் கூடுதல் என்று இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. விரல் தட்டியது நிஜம். மூட்டை இருந்ததும் நிஜம். நடுவில்தான் கொஞ்சம் உப்பு தூக்கலாக விழுந்துவிட்டது. வேண்டியவர்கள் உப்பைக் கழித்துவிட்டுச் சாப்பிடலாம். ருசி போதவில்லை என்று பிறகு வந்து சண்டைக்கு நிற்கக்கூடாது.

கஸ்தூரி பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே பெரிய கூடம் ஒன்றில் அலமாரி அலமாரியாகச் சர்வர்கள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மெஷின்கள் சூடு தாங்காது என்று கூடத்தை மார்கழி மாதிரி குளிர வைத்திருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் மெட்ராஸே வேகும்போது ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய ஒரே பெண் அவள்தான். கண்டக்டர் ஒருநாள், "இன்னாமா, ஊட்டி பஸ் இங்க நிக்காது" என்றாராம்.

பிறகு கல்யாணம், ஒரு மகள், கொரோனா. கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. திரும்பி வரச் சொன்னபோது மற்றவர்கள் போனார்கள். கஸ்தூரியை யாரும் கூப்பிடவில்லை.

"உன்ன மறந்துட்டானுங்க. நீயா போயி ஞாபகப்படுத்தாத" என்றான் கணவன் தேவராஜன். காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையில் இருப்பவன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே புடவையை எடுத்துப் போடுகிறவன் என்று பெயர். கஸ்தூரி ஞாபகப்படுத்தவில்லை.

அவள் வேலை என்ன என்று கேட்டால் சொல்வது சுலபம், நம்புவதுதான் கஷ்டம். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன போர்டு இருக்கிறது. பெரிய மெஷின் படுத்துவிட்டாலும் அது மட்டும் விழித்திருக்கும். அதற்குத் தனி வயர், தனி விலாசம். உள்ளே சூடு எவ்வளவு, விசிறி என்ன வேகத்தில் சுற்றுகிறது, எந்த டிஸ்க் சாகக் கிடக்கிறது எல்லாவற்றையும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். கஸ்தூரி இங்கிருந்து சொன்னால் மெஷினை அணைக்கும், எழுப்பும். இன்னொன்றும் செய்யும். மெஷினின் முகத்தில் ஒரு நீல விளக்கைச் சிமிட்ட வைக்கும். ஒரே மாதிரி பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ரிப்பேருக்கு வந்தவன் தப்பான பெட்டியைப் பிரித்துவிடாமல் இருக்க அந்த விளக்கு அடையாளம்.

ஹோசூரில் படுத்துவிட்ட மெஷினை எழுப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்து, எண்ணெயில் போட்ட வடையைத் திருப்பியிருக்கிறாள் கஸ்தூரி. வடை கருகவில்லை. கருகியது என்று தேவராஜன் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம்.

பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளுக்கு இந்த வேலையில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஏம்மே கஸ்தூரி, அவ்ளோ தூரத்துல கீற மிஷினையே அணைக்கிறியே, எங்க வூட்டு ஆளு போனை அணைக்க முடியுமா? எந்நேரமும் வீடியோ பாத்துக்கினு கீறாரு."

"அதுக்கு கம்பெனி பர்மிஷன் குடுக்கலக்கா."

"ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

கஸ்தூரி பார்த்துக்கொண்ட மெஷின்களில் புள்ளலூர்ப் பக்கம் இருந்த ஒன்றும் உண்டு. ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டு நிலையம் அது. சுற்றுவட்டாரப் பால் முழுக்க அங்கே வந்து சேரும். யார் பாலில் எவ்வளவு கொழுப்பு என்பதெல்லாம் ஏசி போட்ட ஒரு சின்ன அறையில், ஒற்றை அலமாரியில் இருந்த சர்வருக்குள் போகும். மெஷின் நின்றால் கேனோடு வந்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ராஜாக்கள் யானையோடு வந்து சண்டை போட்ட மண் புள்ளலூர். கேனோடு நிற்பவர்களின் சண்டைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மார்கழி பிறந்த பிறகு அந்த மெஷின் ஒரு விநோதம் காட்ட ஆரம்பித்தது. ஊரே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தபோது அதற்கு மட்டும் காய்ச்சல். மத்தியானத்துக்கு மேல் சூடு ஏறும், விசிறிகள் பேய்போலக் கத்தும். மறுநாள் காலையில் தானாக இறங்கிவிடும். ஏசி சரியாக இருந்தது. மெஷினுக்கு வேலையும் அதிகமில்லை.

சென்னை அலுவலகத்திலிருந்து பிரேம்நாத் கூப்பிட்டான். வயதில் சின்னவன், பதவியில் பெரியவன்.

"கஸ்தூரி மேடம், புள்ளலூர் பாக்ஸ் என்ன ஆச்சு? பால் கம்பெனிக்காரங்க கேக்குறாங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் பிரேம். மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு தோணுது."

"சென்சார் போயிருக்கும். வெள்ளிக்கிழம இன்ஜினியர் வரான், போர்டையே மாத்திடலாம். அவங்க மேனேஜரும் கூட வராராம்."

"அதுக்குள்ள காரணம் சொல்லிட்டா?"

"சொல்லிட்டா சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

கஸ்தூரி சூடு ஏறி இறங்கியதைக் காட்டும் பழைய கோடுகளை எல்லாம் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அலமாரியில் ஈரம் காட்டும் சென்சார் ஒன்று தனியாக ஒட்டியிருந்தது. அதை யாரும் பார்ப்பதே இல்லை. சூடு ஏறிய நாட்களில் எல்லாம் ஈரமும் ஏறியிருந்தது. சூடான மெஷின் அறையைக் காய வைக்கும், நனைக்காது. ஈரம் வெளியிலிருந்து வந்ததென்றால் அதைக் கொண்டுவருவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் கேமரா கிடையாது.

மறுநாள் மத்தியானம் கோடு ஏற ஆரம்பித்ததும் கஸ்தூரி நீல விளக்கைத் தட்டினாள். உள்ளே யாராவது இருந்தால் தெரியட்டுமே என்றுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சூடு சர்ரென்று இறங்கியது. ஈரமும் இறங்கியது.

விளக்கை அணைத்தாள். காத்திருந்தாள். சூடு மெல்ல ஏறியது.

மறுபடி தட்டினாள். இறங்கியது.

இருட்டில் நிற்கிற யாரோடோ கண்ணாமூச்சி விளையாடுகிற மாதிரி இருந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எதுக்கும்மா தனியா சிரிக்கிற?" என்று கேட்டபோதுதான் கஸ்தூரிக்கே தான் சிரிப்பது தெரிந்தது.

அவள் பால் நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வாட்ச்மேன்.

"பால் காலையிலயே போயிடுச்சி. நாளைக்கி வாங்க."

"பால் வேணாம்ணே. கம்ப்யூட்டர் ரூம் பத்திக் கேக்கணும்."

"அது பூட்டி கீது."

"சாவி யாருகிட்ட கீது?"

"எங்கிட்டதான்."

"உள்ள மெஷினுக்குப் பின்னாடி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"ஏம்மா, நீல வெளக்கு போடுறது நீங்களா?"

"நான்தான்."

"அட தாயே! மிஷினுக்குத்தான் என்மேல கோவம்னு நெனச்சிக்கினு கீறேன். ஒரு கற்பூரம் காட்டிடலாம்னு வாங்கிக்கூட வச்சிட்டேன்."

"கற்பூரமா! கொளுத்திக் கிளுத்தித் தொலைக்காதீங்கண்ணே. பொகை பட்டா அங்க மணி அடிச்சி ஊரையே கூட்டிடும்."

அவர் பெயர் வேதகிரி. மெஷினுக்குப் பின்னால் இருந்தது விதை நெல். அதற்கு மேல் போனில் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. "வேலைய வாங்கிடாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது தேவராஜனிடம் சொன்னாள்.

"எழுதி அனுப்பிட்டு உன் வேலையப் பாரு" என்றான் அவன்.

"எழுதினா அந்தாளு வேல பூடும்."

"எழுதலன்னா?"

"வெள்ளிக்கிழம மேனேஜரே நேர்ல வந்து மூட்டையப் பாப்பாரு. அப்பவும் பூடும்."

தேவராஜன் ரசத்தை ஊற்றிக்கொண்டு யோசித்தான். "அப்ப நாளைக்கி பஸ் ஏறு. அம்மாம் பெரிய கம்ப்யூட்டர்ல மூட்டையத் தூக்குற பட்டன் மட்டும் இல்ல போல."

மறுநாள் கஸ்தூரி பஸ் ஏறினாள். பாலாறு தாண்டி, ஓரிக்கை தாண்டி, காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, புள்ளலூர் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தன் விரல் போய்வந்த தூரம் இவ்வளவா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

பஸ்ஸிலிருந்தே போன் போட்டுச் சொல்லியிருந்ததால் வேதகிரி கேட்டில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், பெரிய மீசை, இரண்டு பேருக்குப் போதுமான காக்கிச் சட்டை. போனில் அதட்டலாகப் பேசியவள் இத்தனை சின்ன உருவமா என்று பார்த்தார்.

"சூப்பர்வைசர் சாப்ட போய்க்கிறாரு. வாங்கம்மா, சீக்கிரம்."

அறைக்குள் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அதன் முதுகில் முட்டிக்கொண்டு, ஈரச் சாக்கில் கட்டிய விதை நெல் ஒரு பாலித்தீன் தாள் மேல் உட்கார்ந்திருந்தது. சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக விடும். அந்த வாயை மூட்டை அடைத்திருந்தது. வெளியே போக வேண்டிய சூடு சுற்றி வந்து மறுபடி உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. கரண்ட் வயரிலிருந்து ஒரு முழ தூரத்தில் தரையில் தண்ணீர் கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் கஸ்தூரிக்குக் கோபம் வந்தது.

"இன்னாண்ணே இது? தண்ணி வயர்ல பட்டா மெஷின் மட்டுமில்ல, நீங்களும் போயிருப்பீங்க."

"தெரியாதும்மா. வெதுவெதுன்னு காத்து வருதேன்னு வச்சிட்டேன்."

"வூட்ல வைக்க எடமில்லியா?"

"வச்சேனே. மொத தபா வூட்லதான் வச்சேன். இந்தப் பனியில மொளைக்கவே இல்ல, நாறிப்பூட்சி. இது ரெண்டாவது. இதுவும் பூட்சின்னா நெலம் பூடும்."

பிறகு எல்லாம் வந்தது. அவர் அப்பனும் தாத்தனும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். மார்கழியில் விதைக்கிற இந்த நவரைப் பட்டத்துக்குத்தான் முதல் தடவையாக ஒருவர் ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஏரித் தண்ணீர் இருக்கும்போதே நாற்று விட்டு நட வேண்டும். பொங்கலுக்குள் நாற்றங்காலில் பச்சை தெரியாவிட்டால் நிலம் கேட்டு வேறு ஆள் காத்திருந்தான். பகலெல்லாம் வேலை, எனவே மூட்டை கண்ணெதிரே இருக்கட்டும் என்று இங்கே கொண்டுவந்திருந்தார். காலையில் பாலோடு ஆட்கள் வரும் நேரம் அதை எடுத்து மறைத்துவிடுவார், மத்தியானம் மறுபடி வைப்பார். நீல விளக்கு எரியும்போதெல்லாம் மூட்டையை வெளியே தூக்குவார். அணைந்ததும் மெஷினுக்கு மனசு ஆறிவிட்டது என்று திரும்ப வைப்பார்.

"ஊட்டுக்காரி வாணாம்னுதான் சொன்னா. நான்தான் இது சயின்ஸ்னு சொல்லிட்டு எடுத்தாந்தேன்."

அவர் சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை நடுவில் விட்டு ஒரு பிடி அள்ளினார். நெல்மணிகள் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தன. பார்த்துவிட்டுக் கஸ்தூரியின் உள்ளங்கையில் கொட்டினார். கதகதவென்று இருந்தது. தினமும் எண்ணாகவும் கோடாகவும் பார்த்த சூடு கைக்கு வந்ததும், திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததில் பாதி கஸ்தூரிக்கு மறந்துவிட்டது.

"மொதல்ல இத்த வெளிய தூக்குங்க. தரையத் தொடைங்க."

மூட்டை வெளியே போனது. விசிறிகளின் கத்தல் முனகலாக இறங்கியது. கஸ்தூரி அங்கேயே நின்று பிரேம்நாத்தைக் கூப்பிட்டாள். வேதகிரி துடைக்கிற துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பிரேம், இன்ஜினியர் வேணாம். மெஷினுக்குப் பின்னாடி ஒரு மூட்டை இருந்தது, சூடு வெளிய போகல. எடுத்தாச்சு. இப்ப கோட்டைப் பாருங்க."

"இறங்குதே! மேடம், நேர்லயே போயிட்டீங்களா?"

"பக்கத்துலதானே." இரண்டு பஸ், ஓர் ஆட்டோ.

"என்ன மூட்டை? யார் வச்சாங்க?"

கஸ்தூரி வேதகிரியைப் பார்த்தாள்.

"நம்ம டூல் சூடு சொல்லும், ஈரம் சொல்லும். ஆளு பேரு சொல்ற சென்சார் இன்னும் யாரும் போடல பிரேம். எனக்குத் தெரிஞ்சாலும் சொல்றதா இல்ல. இனிமே நடக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சரி மேடம். பின்னாடி எடம் காலியா வைக்கணும்னு ஒரு கோடு போட்டுட்டு வாங்க. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வேதகிரி ஈரக்கையைத் தூக்கினார். "இந்த மிஷின்மேல அடிச்சி சத்தியம் பண்றேம்மா..."

"தொடாதீங்கண்ணே!"

சிவப்பு டேப்பால் தரையில் கோடு போட்டார்கள். மூட்டை அவர் சைக்கிள் கேரியரில் ஏறி வீட்டுக்குப் போனது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும் சூப்பர்வைசருக்குக் கோடு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரமே வேதகிரி போன் போட்டார். "மொளைச்சிடுச்சிம்மா! அவ்ளோவும் மொளைச்சிடுச்சி! உங்க மிஷின் கைராசி!" நாற்றங்காலில் பச்சை தெரிந்தது, நிலம் கையில் நின்றது. பொங்கலன்று கஸ்தூரி ஒரு வேலையும் இல்லாமல் புள்ளலூர் மெஷினின் நீல விளக்கைக் கொஞ்ச நேரம் சிமிட்ட விட்டாள். உடனே ஒரு மிஸ்டு கால் வந்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அங்கே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் அவள் விளக்கைப் போடுவாள், அவர் கூப்பிடுவார். "தொடைச்சேன், கோட்டுக்குள்ள ஒரு தூசி கெடையாது" என்பார். அவள் கவனிக்கும் மெஷின்களிலேயே சுத்தமான முதுகு புள்ளலூர் மெஷினுக்குத்தான்.

சித்திரையில் அறுப்பு முடிந்ததும் வேதகிரியும் அவர் மனைவி ராணியம்மாளும் ஒரு பை புது அரிசியோடு உத்திரமேரூருக்கு வந்தார்கள். ராணியம்மாள் அதிகம் பேசாதவள். மாடிக்குப் போய் லேப்டாப்பைப் பார்த்தாள். "இம்மாத்துண்டுதானா?" என்றாள். கீழே வந்து காபியை வாங்கிக்கொண்டாள். புது அரிசி வந்த வாசனைக்குச் சிட்டம்மாளும் வந்துவிட்டாள்.

தேவராஜனுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. புடவை விரிக்கிற கையாலேயே கதையை விரித்தான். "இங்கதான் உக்காந்துக்கினு இருந்தா சிட்டம்மாக்கா, இதே வூட்ல. ஒரு தட்டு. அங்க புள்ளலூர்ல ஒரு மூட்டை நெல்லு, அப்படியே மொளைச்சிக்கினு எழுந்து நிக்கிது!"

"ஒரு மூட்டையா!" என்றாள் சிட்டம்மாள்.

கஸ்தூரி மறுக்கவில்லை. சும்மா அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதகிரி மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "மிஷின் காத்து அப்படி. சயின்ஸ் சிட்டம்மா, சயின்ஸ்" என்றார்.

ராணியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அர மூட்டதான் அது. நடுவுல ஒரு பிடிதான் மொளைச்சிருந்திச்சி. மீதியெல்லாம் உங்க மிஷின் காத்துல பொரி மாரி காஞ்சிப்பூட்சி."

வேதகிரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாமே சொல்ற? அவ்ளோவும் மொளைச்சிதே, நான்தானே கையால தூவினேன்?"

"நீ தூவுனது, எங்கம்மா வூட்லேர்ந்து வெதை வாங்கியாந்து நான் அடுப்பாண்ட வைக்கோல் போட்டு மூடி வச்ச மூட்டை. சாக்கு மட்டுந்தான் உன்னுது. மிஷின் மிஷின்னு அவ்ளோ ஆசையா பேசிக்கினு இருந்தியேன்னு சொல்லல. உன் சயின்ஸு நெல்ல கோழிக்குப் போட்டேன், அதுங்கதான் நல்லா துன்னுச்சி."